ஒரே சொல்லால் பூட்டிய ஊர்

கொடிக்காப்பட்டினத்தில் ஆண்கள் இல்லாத வீடுகள்தான் அதிகம் என்பதும், இருக்கிற ஆண்களும் ஒரு காலை விமான நிலையத்தில் வைத்துக்கொண்டுதான் மறு காலால் வீட்டுக்குள் நடப்பார்கள் என்பதும் கடற்கரைச் சாலையில் ஓடுகிற பஸ்காரர்களுக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து நாங்கள் பள்ளிவாசல் படி இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், சார்ஜாவில் சமையல் வேலை பார்க்கிற ஹபீப் முகம்மது புதிதாக வாங்கிய போனில், முகம் பார்த்துப் பேசுகிற தன் ஐடியைப் போட்டு, பாஸ்வேர்டைப் போட்டு, உள்ளே நுழைந்த அந்த நொடியில், கீழத்தெருவில் தன் வீட்டுக் கூடத்து நாற்காலியில் முண்டா பனியனும் மாவு படிந்த கையுமாக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, "எப்ப வந்தீக?" என்று கேட்டாள். "இப்பத்தான்" என்றார். வேறொன்றும் நடக்கவில்லை.

நான் காசிம். ஜெராக்ஸ் காசிம் என்று கேட்டால்தான் ஊரில் வழி சொல்வார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும், பாஸ்போர்ட் போட்டோ எடுக்கச் சுவரில் ஒரு நீலத் துணியும் வைத்திருக்கிற கடை என்னுடையது. இந்தக் கதையை நான் சொல்வது எனக்கு நாவன்மை இருப்பதால் அல்ல, பயம் இருப்பதால். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் கடைக்குள் யார் வந்து நிற்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது, பேசிக்கொண்டிருந்தால் அது கொஞ்சம் குறைகிறது.

ஹபீப் முகம்மது வந்து போன சேதி சாயங்கால அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கப் பரவியது, மறுநாள் பொழுது சாய்வதற்குள் துபாயில், தம்மாமில், தோஹாவில், கோலாலம்பூரில் இருந்த எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் தங்கள் ஐடியிலிருந்து ஒரு தடவை வெளியே வந்து மறுபடி உள்ளே போனார்கள், போனவர்கள் எல்லாரும் தத்தம் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். அங்கே அவர்கள் உடம்பு போனைப் பிடித்தபடி அசையாமல் இருக்குமாம், சூப்பர்வைசர் வந்து முதுகில் தட்டுகிற வரை. இங்கே வந்தவர்களைத் தொடலாம், பேசலாம், கை மட்டும் மண்பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கும்; தேநீர் கொடுத்தால் குடிப்பார்கள், ஆனால் கிளாஸில் தேநீர் குறையாது; சார்ஜ் தீர்ந்தால் பேச்சின் நடுவிலேயே காணாமல் போவார்கள். ஏன் இப்படி என்று எங்கள் ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. "சார்ஜ் போட்டுட்டு வரக் கூடாதா, பாதிப் பேச்சுல போறீக" என்றுதான் பெண்கள் சண்டை பிடித்தார்கள்.

மரைக்காயர் தெருவில் ஒருவர் மட்டும் தன் வீட்டுக்கு வராமல் நாலு தெரு தள்ளி, போனிலேயே தன்னோடு கேரம் விளையாடுகிற கூட்டாளி வீட்டில் போய் உட்கார்ந்தார். அதைப் பார்த்துத்தான் ஐடி யாரோடு அதிகம் பேசியிருக்கிறதோ அவர்கள் முன்னால்தான் ஆளைக் கொண்டுபோய் வைக்கும் என்று ஊருக்குப் புரிந்தது. அவர் மனைவி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அடுத்த வீட்டுப் பெண்கள் அரிசி புடைக்க வந்த இடத்தில் திடீரென்று ஓர் ஆண் நாற்காலியில் முளைத்தால் அவர்கள் எங்கே ஓடுவார்கள் என்று ஜமாத்தில் புகார் வந்தது, வந்தவர்கள் இருக்கிற வீட்டின் வாசலில் பச்சைத் துண்டு ஒன்று தொங்கவிட வேண்டும் என்று முடிவானது. ஒரு நிக்காஹில் பெண்ணுக்கு வலியாக, அதாவது பொறுப்பாளியாக, உட்கார்ந்திருந்த வாப்பா, ஒப்புதல் சொல்ல வாயெடுத்தபோது சார்ஜ் தீர்ந்து போய்விட்டார். இமாம் சால்வையைச் சரிசெய்துகொண்டு, இனிமேல் நிக்காஹுக்கு வலியும் சாட்சியும் கால்நடையாகத்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். மற்றபடி எல்லாருக்கும் சந்தோஷம். பச்சைத் துண்டுகள் வெள்ளிக்கிழமைகளில் தெரு நீளத்துக்கும் ஆடிக்கொண்டிருக்கும், பார்க்கவே நன்றாக இருக்கும்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மைமூன் லாத்தா கடைக்கு வருகிற வரை.

மைமூன் லாத்தாவின் கணவர் மௌத்தாகி, அடக்கம் செய்து மூன்று வருஷம். அவருடைய பழைய போனை எடுத்து வந்து, பேட்டரி நிற்கவில்லை, மாற்றிக் கொடு என்றாள். எதற்கு லாத்தா என்று கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அவுக ஐடியில நான் போயிட்டு வர்றேன், காசிம். பாஸ்வேர்டு நீ போட்டுக் குடுத்ததுதானே. போட்டா, அவுக நாற்காலியில வந்துடுறாக. உள்ள இருக்கிறது நான். அவுக கண்ணு வழியாப் பாத்தா, எதிர்த்தாப்புல நான் போனும் கையுமா உக்காந்திருக்கேன். அவுக என்னைப் பாத்த மாதிரியே என்னைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ்வளவு ஒண்ணும் அசிங்கமா இல்லைடா நான்."

அழுதுவிட்டுப் போய்விட்டாள். நான் பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வந்தது அவர் அல்ல, மைமூன் லாத்தா. அவர் உடம்பு, அவர் குரல், அவர் மச்சம், உள்ளே வேறு ஆள். பாஸ்வேர்டு தெரிந்தால் போதும். பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?

இங்கேதான் நான் என் தப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குப் புதுப் போன்கள் வந்த காலத்தில், பெண்கள் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்து, "காக்கா, அவுகளோட முகம் பாத்துப் பேசணும், போட்டுக் குடுங்க" என்பார்கள். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று நான்தான் ஐடி போட்டுக் கொடுத்தேன். பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்று முதலில் வந்தவளிடம் கேட்டேன். நல்லதாக எதையாவது வையுங்கள் என்றாள். பிஸ்மில்லா என்று அடித்து, பின்னால் எழுநூற்றி எண்பத்தாறு போட்டேன். அடுத்தவள், "அவளுக்கு வச்சதையே எனக்கும் வையுங்க" என்றாள். அதற்கடுத்தவளும் அப்படியே. நானூற்றிப் பதினேழு வீடுகள், ஒரே சொல். மறந்தாலும் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம், அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு எவன் திருட வருவான் என்று ஜமாத் செயலாளர் என் தோளில் தட்டினார். நானும் பெருமையாகத்தான் நின்றேன். வீட்டுக் கதவுக்கு நாலு பூட்டுப் போடுகிற ஊர் இது, ஒரே சாவி எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்றால் யாராவது ஒத்துக்கொண்டிருப்பார்களா!

உடனே நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதல் கல் என் தலையில்தான் விழும் என்று தெரியும். யாருக்கும் எதுவும் தெரியாத வரை எதுவும் நடக்காது என்று கடையைத் திறந்து, கடையைப் பூட்டி, கோழை மாதிரி நாட்களைக் கடத்தினேன்.

வடக்குத் தெருவில் கப்பலில் வேலை பார்க்கிற ரஷீத் வீட்டில் அது முதலில் நடந்தது. ரஷீத் வந்து உட்கார்ந்து, மனைவி குளிக்கப் போயிருந்த நேரத்தில், போனுக்கு வந்த ஆறு நம்பரைப் பிள்ளையை வாசிக்கச் சொன்னாராம். பிள்ளை வாசித்தது. அன்றைக்குச் சாயங்காலம் உண்மையான ரஷீத் கப்பலிலிருந்து கூப்பிட்டு, என்னால் உள்ளே போக முடியவில்லையே, பாஸ்வேர்டு தப்பு என்கிறதே என்று கத்தினார். அவர் கத்திக்கொண்டிருந்தபோது அவர் நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார். அவர் போகவில்லை. மறுநாளும் போகவில்லை, உள்ளே இருந்தவன் போனைச் சார்ஜிலேயே போட்டு வைத்திருப்பான். பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கண்ணால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலு நாள் சமைத்துப் பார்த்த அவள், ஐந்தாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். புருஷன் பொண்டாட்டி பிணக்கு என்று ஊர் பேசிக்கொண்டது. நான் அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்தினேன்.

அடுத்தது ஜுலைகா வீடு.

ஜுலைகா எனக்குத் தங்கச்சி முறை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறவர். அவள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை சீனி இபுறாகீம் தம்மாமில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகி நாற்பத்து மூன்று நாளில் போனவன், இரண்டு தடவை லீவில் வந்திருக்கிறான், இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஹஸ்னா என்று ஒரு மகள். அவன் ஐடி வழியாக வருவது வெள்ளிக்கிழமை மட்டும். வந்தால் கொஞ்ச நேரம் மனைவி முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவ்வளவு சாது.

அவன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தான். மத்தியானம் மூன்று மணி. விசிறியைப் பார்க்கவில்லை, நேராக அவளைப் பார்த்தான். ஹஸ்னாவின் கணக்கு நோட்டை வாங்கித் தப்பைத் திருத்திக் கொடுத்தான், முடி வாரி விட்டான், இருமலுக்கு மருந்து கொடுத்தாயா என்று கேட்டான். ஜுலைகாவுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைப் பிறகு என்னிடம் சொன்னாள். "இப்படி ஒரு நாளாச்சும் இருக்க மாட்டாகளான்னு ஏங்கினவ நான், காக்கா. அதான் கேக்கத் தோணலை."

அடுத்த செவ்வாயும் வந்தான். அவள் அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் ஹஸ்னாவின் குரல் கேட்டது, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது மாதிரி ஒவ்வொரு எழுத்தாக.

"அஞ்சு... ரெண்டு... ஏழு... இது ஆறா, ஒம்பதா வாப்பா? போனைத் தலைகீழாப் பிடிச்சிருக்கேனா?"

"சரியாத்தான் பிடிச்சிருக்கே, தங்கம். அவசரமில்லை. பாத்துச் சொல்லு."

ஜுலைகா கரண்டியோடு பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினாள். கணவன் ஐடிக்கு மனைவி நம்பரும், மனைவி ஐடிக்குக் கணவன் நம்பருமாக நான் போட்டு வைத்திருந்தேன், ஒருவர் மறந்தால் மற்றவர் உதவட்டும் என்று. அதனால் இபுறாகீமின் ஐடியை மாற்றுகிற ஆறு நம்பர் ஜுலைகாவின் போனுக்குத்தான் வந்திருந்தது. "உங்க ஐடியை மாத்த உங்க பொண்டாட்டிகிட்டக் கேக்காம புள்ளைகிட்ட எதுக்குக் கேட்டீக?" என்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு குற்றமும் இல்லை, அதுதான் அவளைக் கலக்கிவிட்டது. மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தம்மாமுக்கு ஒரே ஒரு வரி பேசி அனுப்பினாள்: நீங்க இப்ப இங்க இருக்கீகளா? அடுத்து என்னைக் கூப்பிட்டாள்.

நான் முடுக்குச் சந்து வழியாக ஓடி, வாசலில் தொண்டையைச் செருமி உள்ளே போனபோது, கூடத்தில் இரண்டு சீனி இபுறாகீம் நின்றார்கள். ஒருவன் நாற்காலிக்குப் பக்கத்தில், ஒருவன் கதவோரம். இரண்டு பேருக்கும் இடது புருவத்தில் அதே தழும்பு, இரண்டு பேருக்கும் கிடங்கின் நீலச் சட்டை. அவள் செய்தியைக் கேட்டுவிட்டு உண்மையானவனும் வெளியே வந்து உள்ளே நுழைந்திருக்கிறான், ஆனால் அதற்குள் ஹஸ்னா இடுப்பிலிருந்து இறங்கி ஓடிக் கட்டிலுக்கடியில் ஒளிந்த கலவரத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பது குழம்பிவிட்டது. மய்யித்தை, செத்த உடம்பைக் குளிப்பாட்டியவன் நான், கடலில் ஒரு ராத்திரி முழுக்க மிதந்தவன், இந்த மாதிரி பயந்ததில்லை.

"அவன் நானில்லை" என்றான் நாற்காலிக்காரன்.

"அவன்தான் நானில்லை" என்றான் கதவோரத்தவன்.

ஆறு நம்பருக்கு ஆயுள் பத்து நிமிஷம். ஒருவன் கேட்டதைக் கொடுத்தால் மற்றவன் இந்த வீட்டுக்குள் இனி வர முடியாது. சரியானவனிடம் கொடுத்தால் தப்பினாள். தவறானவனிடம் கொடுத்தால் ரஷீத் வீட்டு நாற்காலிதான், அதன் முன்னால் வளரப்போவது ஹஸ்னா.

"கேளு ஜுலைகா" என்றேன். "உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது எதையாச்சும் கேளு."

அவள் யோசித்துக் கேட்டாள். "முத முதல்ல நீங்க வெளிநாட்டுச் சபுர் போனப்ப, பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டு எதுக்கு இறங்கி வந்தீக?"

"வீட்டுச் சாவி என் சட்டைப்பையில இருந்துச்சு" என்றான் நாற்காலிக்காரன். "குடுக்க இறங்கினேன்."

"சாவி சாக்கு" என்றான் கதவோரத்தவன். "உன்னை இன்னொரு தடவை பாக்க இறங்கினேன்."

இவன்தான் என்று கை காட்டினேன். ஜுலைகா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ரெண்டும் எழுதினதுதான், காக்கா. சாவின்னு அன்னிக்கு எழுதினாக. சாக்குன்னு போன வருஷம் எழுதினாக."

மறுபடி கேட்டாள், மறுபடி மறுபடி கேட்டாள், ஹஸ்னா வயிற்றில் இருந்தபோது எந்தப் பக்கம் உதைத்தாள் என்றும், எந்தச் சண்டையில் எத்தனை நாள் பேசாமல் இருந்தோம் என்றும், பெருநாளைக்கு வாங்கிய எந்தச் சேலை பிடிக்கவில்லை என்றும், இரண்டு பேரும் சொன்னார்கள், தடுமாறாமல் சொன்னார்கள். எட்டு வருஷக் கல்யாணத்தில் கூட இருந்த நாட்களைச் சேர்த்தால் அரை வருஷம் வராது, மீதியெல்லாம் எழுத்துத்தான், குரல்தான். கூட இருந்த அந்தக் கொஞ்ச நாட்களைக்கூட மறந்துவிடக் கூடாதென்று இபுறாகீம் திரும்பத் திரும்ப எழுதி அனுப்பியிருக்கிறான். அந்தப் பாவப்பட்டவன் மனைவி மேல் வைத்த ஆசையை ஒரு வரி விடாமல், நான் போட்டுக் கொடுத்த பூட்டுக்குள் வைத்திருந்தான். வெளியே ஒன்றுகூட மிச்சமில்லை.

இரண்டு நிமிஷம் இருந்தது.

"யாருக்கும் குடுக்காதே புள்ள" என்றான் நாற்காலிக்காரன். "எங்க ரெண்டு பேரையும் வெளிய தள்ளு."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவோரத்தவனும் சொன்னான். "ஆமா. ரெண்டு பேரையும் தள்ளு."

"முதல்ல சொன்னவர்தான்" என்று நான் கிசுகிசுத்தேன்.

"முதல்ல சொன்னது புருஷனா, புத்திசாலியா? எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஜுலைகா. "திரும்பி நில்லுங்க காக்கா."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அந்த ஆறு நம்பரை அவளே போட்டாள், எனக்கும் தெரியாத ஒரு புதுச் சொல்லை வைத்தாள், எல்லா போனிலிருந்தும் வெளியேற்று என்பதை அழுத்தினாள். நான் திரும்பியபோது கூடத்தில் நாற்காலி மட்டும் இருந்தது. போகிற நொடியில் ஒருவன் கட்டிலுக்கடியில் இருந்த மகளைப் பார்த்துக் கையைத் தூக்கினானாம். எவன் என்று நான் கேட்கவில்லை.

அன்று அஸருக்குப் பிறகு ஜமாத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒருத்தரும் கல்லெறியவில்லை, செயலாளர் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெயரைப் பூட்டிலிருந்து எடுப்பது மரியாதையா என்று சிலர் தயங்கினார்கள். அந்தப் பெயர் உங்கள் நெஞ்சில் இருக்கட்டும், பூட்டில் வேறு எதையாவது வையுங்கள் என்று இமாம் கோபமாகவே சொன்னார். மறுநாள் என் கடை முன்னால் பஸ் நிலையம் வரை வரிசை நின்றது. ஆறு நம்பர் வர மனைவியின் போன் வேண்டும், அதனால் பெண்கள்தான் வந்தார்கள். நீங்களே அடியுங்கள், என்னிடம் சொல்லாதீர்கள் என்று கும்பிட்டேன். கேட்டால்தானே? "என் மக பேரு போடுங்க காக்கா" என்று ஒருத்தி தெருவுக்கே கேட்கச் சொன்னாள், "எனக்கும் அவ மக பேரையே போடுங்க, ராசியான புள்ளை" என்றாள் பின்னால் நின்றவள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

ஜுலைகா வீட்டு வாசலில் பச்சைத் துண்டு தொங்கவில்லை. சீனி இபுறாகீம் வெள்ளிக்கிழமை தோறும் சாதாரணப் போனில் கூப்பிட்டான். புதுச் சொல்லைச் சொல் என்று கேட்டான். அவள் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் அழுதான். "நான் யாருன்னு உனக்குத் தெரியலையா புள்ள?" என்றான். "தெரியலை மச்சான்" என்றாள் அவள். "நேர்ல வாங்க. கை சூடா இருந்தா கதவைத் திறக்கிறேன்." லீவுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. கல்நெஞ்சக்காரி என்று தெருவில் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவாள் என்று ஹஸ்னா என்னிடம் சொன்னாள்.

பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை அவன் கூப்பிடவில்லை. கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மகளின் பள்ளிக்கூடத் தாள் ஒன்றை ஜெராக்ஸ் எடுக்க ஜுலைகா கடைக்கு வந்தது ஒரு புதன்கிழமை காலை. வெயில் நன்றாக ஏறியிருந்தது, எதிரே பஸ் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. பேச்சுவாக்கில்தான் கேட்டேன், "உன் ஐடியை மாத்திட்டியாம்மா?"

"என்னுதை எதுக்கு மாத்தணும்?" என்றாள். "வர்றது ஆம்பளைகதானே. நான் இங்கதானே இருக்கேன்."

நானூற்றிப் பதினேழு வீடு. நாங்கள் ஆண்களின் ஐடியை மட்டும்தான் மாற்றியிருந்தோம். பெண்களின் ஐடி நான் போட்ட நாளிலிருந்து அவரவர் போனில் திறந்தே கிடந்தது, ஒரு தடவைகூட யாரும் வெளியே வந்து உள்ளே போனதில்லை, அதனால் போனால் அது அவளை எங்கே கொண்டுபோய் உட்கார வைக்கும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. ஜுலைகாவின் ஐடி அதிகம் பேசியது யாரோடு? தாளை மெஷினிலேயே விட்டுவிட்டு, போனைக் கொடு என்று வாங்கினேன்.

கணவனோடு பேசத்தான் அந்த ஐடி, அவன் இல்லாமல் எதற்கு என்று சில வாரமாக அவள் அதைத் திறக்கவே இல்லை. திறந்தேன். நீங்கள் யார் என்று கேட்டது. பழைய சொல்லைப் போட்டேன். தப்பு என்றது. மறந்துவிட்டேன் என்பதை அழுத்தினேன், சீனி இபுறாகீமின் போனுக்கு ஆறு நம்பர் அனுப்பியிருக்கிறோம் என்றது.

ஜுலைகா அவனைக் கூப்பிட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள். உடனே எடுத்தான்.

"மச்சான், நாந்தான். உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். சீக்கிரம் சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஒரு ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அவ சொன்னது சரியாப் போச்சு" என்றான் இபுறாகீம், எங்களிடம் அல்ல.

"எவ சொன்னா? மச்சான், யாரு இருக்கா அங்க?"

"ஜுலைகா என் பக்கத்துல உக்காந்திருக்கா. பதினஞ்சு நாளா வேலை முடிஞ்சு வந்தா இருக்கா. முத நாளே அவ ஐடிக்கு வந்த நம்பரைக் கேட்டா, வாசிச்சுக் குடுத்தேன். நம்பர் கேட்டு ஒருத்தி கூப்பிடுவா, என் நம்பர்ல இருந்தே கூப்பிடுவா, என் குரல்லயே பேசுவா, குடுத்துடாதீகன்னு சொல்லியிருக்கா." அவன் குரலில் இவ்வளவு நிம்மதியை நான் அதுவரை கேட்டதில்லை. "நீ யாரு?"

"அவ கையைத் தொட்டுப் பாருங்க மச்சான். சில்லுன்னு இருக்கும்."

"வந்தவங்க கை அப்படித்தானே இருக்கும்."

ஜுலைகா சொல்ல ஆரம்பித்தாள், பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததை, சாவியை, உதைத்த பக்கத்தை, பிடிக்காத சேலையை, மூச்சு விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லவே அவளுக்குத் தெரிந்துவிட்டது, எல்லாம் எழுதியதுதான். நான் போனைப் பிடுங்கி, "தம்பி, காசிம் பேசுறேன், ஜுலைகா என் கடையில என் கண்ணு முன்னால நிக்கிறா, அல்லா மேல ஆணை" என்று கத்தினேன்.

"எந்த காசிம்?" என்றான் அவன்.

ஜெராக்ஸ் காசிம் என்று நான் சொல்வதற்குள் போனில் ஜுலைகாவின் குரல் கேட்டது. என் பக்கத்தில் நின்ற ஜுலைகா வாய் திறக்கவில்லை.

"வச்சிருங்க மச்சான்" என்றது அந்தக் குரல், இரக்கமாக. "பாவம், யாரோ ஒரு பொம்பளை."

லைன் போய்விட்டது. ஜுலைகா என் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, தன் பெயரையும் வாப்பா பெயரையும் தெருவின் பெயரையும் வீட்டு நம்பரையும் மெதுவாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.